ஐந்தில் வளையாதது

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்ற பழமொழியைக் கேளாமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை இராது. பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கண்டிக்கும்போது இதைச் சொல்லுகிறார்கள். அதில் பிசகு ஒன்றுமில்லை. ஆனால் இதே பழமொழியை நாம் வேறோர் இடத்திலும் உபயோகிக்கிறோம். குடிகாரன் வீட்டுப் பையன் ஒருவன் பதினெட்டு வயதில் கெட்ட சகவாசத்தில் அகப்பட்டுக்கொண்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அவன் வளர்ந்த வீடு அப்படி. இனி அவனைத் திருத்த யாரால் ஆகும்?" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். முதலில் சொன்னது பெற்றோருக்கு எச்சரிக்கை. இரண்டாவது ஒரு மனிதன்மேல் எழுதப்படும் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு நியாயமானதா? ஒருவன் வளர்ந்த விதம் அவனுடைய ஆயுள் முழுவதையும் முன்னதாகவே நிச்சயித்துவிடுகிறதா? நிச்சயித்துவிடுகிறது என்றால், அவன் செய்யும் தப்பிதத்துக்கு அவனைக் குற்றவாளி என்று சொல்வது எப்படி?

மனோதத்துவ சாஸ்திரிகள் இதைப்பற்றி வெகு காலம் வாதித்து வந்திருக்கிறார்கள். மனிதனுடைய குணத்துக்கு அஸ்திவாரம் முதல் ஐந்தாறு வருஷங்களிலேயே போடப்பட்டுவிடுகிறது என்பது வியன்னா நகர வைத்தியர் பிராய்டு என்பவரின் போதனை. அவர் வழியில் வந்த எரிக் எரிக்சன் 1950-ல் வெளியிட்ட நூலில் மனிதனுடைய ஆயுளை எட்டுக் கட்டங்களாக வகுத்தார். தன்னைத் தாங்கும் கையை நம்பலாமா என்று கைக்குழந்தை அறிந்துகொள்வது முதற் கட்டம். தம் வாழ்நாளைத் திரும்பிப் பார்த்து முதியவர் மன நிறைவோ கசப்போ கொள்வது கடைசிக் கட்டம். ஆகவே வளர்ச்சி என்பது குழந்தைகளுக்கு மட்டும் உரிய காரியமல்ல என்றார். (இந்த எரிக்சன், தம்மைப் பெற்ற தகப்பன் யார் என்பதைக் கடைசிவரை அறியாதவர்.)

இவை அறிவாளிகளின் அபிப்பிராயங்கள். அபிப்பிராயத்தைச் சோதிப்பது எப்படி? சிறைச்சாலைக்குப் போய் அங்கிருப்பவர்களிடம் அவர்களுடைய பால்யத்தைப்பற்றி விசாரித்தால் பெரும்பாலும் துக்கமான கதைகளே கிடைக்கும். உடனே நாம், "பார்த்தீர்களா, இதுதான் காரணம்" என்று சொல்லிவிடுவோம். ஆனால் அதே மாதிரியான வீட்டில், அதே அடியையும் பசியையும் அனுபவித்து வளர்ந்து, இன்று தச்சு வேலை செய்துகொண்டோ பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொண்டோ இருக்கிறவனை நம்முடைய விசாரணை சந்திப்பதேயில்லை; அவன்தான் சிறைக்கு வரவில்லையே! உண்மை தெரியவேண்டுமானால் பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்து, யார் எப்படி ஆனார்கள் என்று பொறுமையோடு பார்க்கவேண்டும்.

அப்படியே செய்தார்கள் பசிபிக் மகா சமுத்திரத்தில் ஹவாய்க் கூட்டத்தைச் சேர்ந்த கவாயி என்ற தீவில். கரும்புத் தோட்டங்களும் அன்னாசித் தோட்டங்களும் நிறைந்த தீவு அது. ஜப்பான், பிலிப்பைன்ஸ், போர்த்துகல் முதலிய இடங்களிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் சந்ததியாரும், அத்தீவுகளின் பூர்வ குடிகளும் அங்கே வாழ்ந்தனர். 1955-ம் வருஷம் அங்கே பிறந்த குழந்தைகள் 698 பேரையும் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள். தாய் வயிற்றில் இருந்த காலத்திலேயே குறிப்பு எடுக்கத் தொடங்கி, பிறகு ஒன்று, இரண்டு, பத்து, பதினெட்டு, முப்பத்திரண்டு, நாற்பது ஆகிய வயதுகளில் தேடிச் சென்று பார்த்தார்கள். இந்த நெடிய வேலையில் முன்னின்றவர்கள் எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு பெண்மணிகள். வெர்னர் அம்மையார் 1929-ல் ஜெர்மனியில் பிறந்து, இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே சிறுமியாயிருந்தவர், 2017-ல் காலமானார்.

அந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய 200 பேருடைய நிலைமை ஆரம்பத்திலேயே மிகவும் மோசமாயிருந்தது. தரித்திரம், பிரசவச் சிக்கல், வீட்டில் ஓயாத சண்டை, பெற்றோரின் பிரிவு, குடி, சித்த நோய், பள்ளிப்படிப்புக் குறைந்த தாய் என்ற இவ்விதக் கஷ்டங்களில் நான்கோ அதற்கு மேலோ இரண்டு வயதுக்குள்ளாகவே அவர்கள் தலையில் விழுந்திருந்தன. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பத்து வயதில் படிப்பிலோ நடத்தையிலோ பெருந்தொல்லைக்கு உள்ளானார்கள், அல்லது பதினெட்டுக்குள் போலீஸ் வழக்கு, சித்த நோய், இளவயதுக் கர்ப்பம் என்று இடறிவிழுந்தார்கள். இதை வாசித்ததும், பழமொழி மெய்தான் என்று சிலர் புத்தகத்தை மூடிவிடக்கூடும். அவசரப்படவேண்டாம்.

மீதி மூன்றில் ஒரு பங்கினர், 72 பேர், பள்ளியிலும் வீட்டிலும் நல்லவிதமாக வளர்ந்து, பிறரிடம் அக்கறையுள்ள வாலிபர்களாகத் தலையெடுத்தார்கள். வீடு அதே விதமான வீடு. பசியும் அதே பசி. பின்னே வித்தியாசம் எங்கே? சிலர் குழந்தையிலேயே சிரித்த முகமும் சாந்த குணமும் உள்ளவர்களாயிருந்தது ஒரு காரணம். அது பிறவிக் கொடை, அதற்கு யாரும் பெருமை பாராட்ட முடியாது. மற்றொன்று நம் கவனத்துக்கு உரியது. அந்தப் பிள்ளைகளுக்கு நிலையான மனசுள்ள பெரியவர் ஒருவராவது வாய்த்திருந்தார். அது தாயாகவோ தகப்பனாகவோ இருக்கவேண்டுமென்ற நியமம் இல்லை. பாட்டி, தாத்தா, அத்தை, மாமா, மூத்த அக்காள் ஆகியவர்களில் யாரோ ஒருவர் அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பாவித்தார். பள்ளிக்கூடம் போனபின் ஒரு வாத்தியாரோ பக்கத்து வீட்டாரோ கோவில் கூட்டத்தைச் சேர்ந்த பெரியவரோ அந்த இடத்தில் நின்றார். அன்றியும் இப்பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் ஒரு பொறுப்பு இருந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலை. "நான் இல்லாவிட்டால் இந்த வீடு நடவாது" என்ற எண்ணம் ஒரு பிள்ளையை நிமிர்த்தி நிறுத்துகிறது. நம் வீடுகளில் பிள்ளைகளுக்குப் படிப்பைத் தவிர வேறு வேலை கொடுக்கக் கூடாது என்றிருக்கும் தாய்மார்கள் இதைச் சற்று யோசிக்கட்டும்.

இதைவிட ஆச்சரியமானது பிறகு தெரியவந்தது. பதினெட்டு வயதில் கெட்டுப்போனவர்கள் என்று குறிக்கப்பட்டவர்களை முப்பத்திரண்டாம் வயதிலும் நாற்பதாம் வயதிலும் போய்ப் பார்த்தபோது, அவர்களில் பெரும்பாலோர், விசேஷமாகப் பெண்கள், மீண்டெழுந்திருந்தார்கள். ஒருவர் இராணுவத்தில் சேர்ந்து தொழில் கற்றார். மற்றொருவர் வயதான பிறகு மறுபடியும் படிக்கப் போனார். இன்னொருவருக்கு நிதானமுள்ள துணை வாய்த்தது. வேறு சிலர் ஒரு ஞானச் சபையில் ஊக்கமாய்ப் பங்கெடுத்ததனால் திரும்பினார்கள். உயிருக்கு ஆபத்தான நோயிலிருந்து பிழைத்து எழுந்து மனம் மாறினவர்களும் உண்டு. இளவயதில் கர்ப்பமான பெண்கள் பலர் பின்னாளில் சொந்தக் காலில் நிற்கும் தாய்மாராயிருந்தார்கள். இவர்களைக் கைதூக்கிவிட்டவர்கள் அதிகமாய் உறவினரும் சிநேகிதரும் ஆசிரியரும் ஊர்ப் பெரியவர்களுமே. சம்பளத்துக்கு வைத்தியம் செய்யும் நிபுணர்களை நாடினவர்கள் குறைவு. இப்படியாக, ஐந்தில் வளையாதது முப்பதில் வளைந்தது. மீளாதவர்களும் இருந்தார்கள், அதை மறைப்பதற்கில்லை.

அப்படியானால் முதல் வருஷங்களைப்பற்றிக் கவலையே வேண்டாமா என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு ருமேனியா தேசத்தின் சரித்திரம் பதில் சொல்லுகிறது. ஜனத்தொகையைப் பெருக்கவேண்டுமென்று அத்தேசத்தை ஆண்ட சௌசெஸ்கு 1966-ல் கடுமையான சட்டம் கொண்டுவந்தான். வளர்க்க வகையில்லாத பிள்ளைகள் அரசாங்க விடுதிகளில் வந்து குவிந்தன. 1989 டிசம்பரில் அவன் ஆட்சி விழுந்தபோது, இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அவ்விடுதிகளில் இருந்ததை உலகம் கண்டது. சோறும் படுக்கையும் இருந்தன. ஆனால் அழுதால் வந்து தூக்குவார் இல்லை. ஒரு தாதி பல குழந்தைகளுக்கு முறைவைத்து வேலை பார்த்தாள். நாளைக்கு வேறொருத்தி வருவாள். 2000-ல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியில் புகாரெஸ்ட் நகர விடுதிகளிலிருந்த 136 குழந்தைகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்புவித்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் தேறினார்கள். ஆனால் ஏறக்குறைய இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் தேறிய அளவுக்குப் பிந்திப் போனவர்கள் பல காரியங்களில் தேறவில்லை. சீட்டு விழாமல் விடுதியில் நின்றுபோன பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இங்கிலாந்தில் தத்தெடுக்கப்பட்ட ருமேனியப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்தவர்களும் இதையே கண்டார்கள். ஆறு மாதத்துக்குள் விடுதியைவிட்டுப் போனவர்கள் அநேகமாய் மற்றப் பிள்ளைகளைப்போல் வளர்ந்தார்கள். அதற்குமேல் அங்கே கிடந்தவர்களில் பலருக்கு நல்ல வீடு கிடைத்தும் வடு நீங்கவில்லை. ஆயினும் இந்தப் பிந்தினவர்களிலும் ஐந்தில் ஒருவர் தொல்லையின்றி வளர்ந்து ஆளானார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆகவே பழமொழிக்குப் பாதி நியாயம் உண்டு. கைக்குழந்தையைத் தூக்காமல் விட்ட நாட்களுக்கு முழு ஈடு செய்வது கஷ்டம். ஆனால் கஷ்டம் என்பது ஒன்று, முடியாது என்பது வேறு.

இனி முதலிற் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒரு சாரார், மனிதன் தன் வளர்ப்பின் கைப்பொம்மை, அவனைக் குறைசொல்வது அநியாயம் என்கிறார்கள். மறு சாரார், மனச் சுயாதீனம் உள்ளவன் மனசு வைத்தால் திருந்தலாம், திருந்தாதது அவன் குற்றமே என்கிறார்கள். இந்த இரண்டாங் கட்சியார் கவாயித் தீவின் 72 பேரை உடனே சாட்சிக்கு அழைப்பார்கள்: "அவர்கள் எழுந்தார்களே, நீ ஏன் எழவில்லை?" ஆனால் அந்தச் சாட்சிகள் இவர்கள் பக்கம் பேசமாட்டார்கள். எப்படி எழுந்தீர்கள் என்று கேட்டபோது அவர்கள் பாட்டியையும் வாத்தியாரையும் அல்லவா சுட்டிக் காட்டினார்கள்? நல்லதைத் தெரிந்துகொள்ளும் சக்தி மனிதனுக்கு உண்டு என்பது மெய். அந்தச் சக்தியும் நடையைப்போலும் பேச்சைப்போலும் வளர்ந்து வருவது. ஒருவர் விரலைப் பிடித்துக்கொண்டு வளருவது. முப்பது வயதில் ஒருவன் நீட்டிய கையைத் தட்டிவிட்டால் அது அவன் பொறுப்பு. ஒருவருமே கை நீட்டாமல் போனவனுடைய கணக்கு வேறு. இவ்விருவரும் தெருவில் நம் கண்ணுக்கு ஒரே மாதிரியாகத்தான் தோன்றுகிறார்கள். அவன் கணக்கை முழுவதும் அறியாத நாம் அதை மூடிவிட அவசரப்படுகிறோம். ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானத் தொட்டியருகே நின்று கையேற்ற ஞானத்தாயும் ஞானத்தகப்பனும், அந்த நாளுக்குப் பிறகு அதன் வீட்டு வாசலை எத்தனை தரம் மிதித்தார்கள் என்றும் இங்கே கேட்கத் தோன்றுகிறது.

ஒன்றை மட்டும் தெளிவாய்ச் சொல்லவேண்டும். ஒருவனுடைய பால்யத்தை அறிந்து இரங்குவது, அவன் கையால் அடிபடுகிறவர்களைப் பொறுத்துப்போகச் சொல்வதாகாது. "அவன் சின்ன வயசில் பட்ட பாடு உனக்குத் தெரியாதா அம்மா, கொஞ்சம் அனுசரித்துப் போ" என்று அடிபட்ட மனைவியிடம் சமாதானம் பேசுகிறவர்கள் நம்மிடையே உண்டு. அவளும் ஒரு மனுஷி. அவள் பிள்ளைகளும் அந்த வீட்டில் ஐந்து வயதைக் கடக்கவேண்டியவர்கள். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் பத்திரமான இடம் வேண்டும். அவனைத் திருத்தும் பாரம் அவள் முதுகில் ஏற்றப்படக் கூடாது. அதற்கு ஆண்பிள்ளைகளான அண்ணன்மாரும் சிற்றப்பன்மாரும் சிநேகிதரும் இருக்கிறார்கள்.

கவாயியில் நல்லவிதமாய் வளர்ந்தவர்களிலும் சிலர், பெரியவர்களான பின், பெற்றோருடைய சண்டைகளில் மறுபடி சிக்கிக்கொள்ளாமல் தூர விலகியே வாழ்ந்தார்கள். இது நான்காம் கட்டளைக்கு விரோதமல்லவா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பிதாவையும் மாதாவையும் சங்கித்திருப்பதற்கு அவர்களுடைய குடியிலும் கலகத்திலும் பங்குகொள்ள வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. 1992 செப்டம்பரில் பெரும் புயல் அத்தீவைச் சிதைத்துப்போட்டது. அதற்குச் சில வருஷங்களுக்குப் பின், நாற்பதாம் வயதில், அந்த 72 பேரைப்பற்றி விசாரித்தபோது, வேலையில்லாதவரோ சட்டத்தின் பிடியில் அகப்பட்டவரோ அவர்களில் ஒருவரும் இல்லை. சம வயதினரைக் காட்டிலும் அவர்களுடைய குடும்பங்களில் விவாகரத்துக் குறைவாயிருந்தது.