பெறுமானம் எங்கே இருக்கிறது?

விலை வேறு, பெறுமானம் வேறு என்பதைச் சந்தைக்குச் சென்று பழகிய எவரும் அறிவர். ஆயினும் அந்தப் பெறுமானம் எங்கே குடியிருக்கிறது என்று கேட்டால் விடை எளிதில் கிட்டுவதில்லை. பொருளுக்குள்ளேயே இருக்கிறதா? அதனைச் செய்தவனின் உழைப்பில் இருக்கிறதா? எடுத்து ஆள்பவனின் கையில் இருக்கிறதா? அன்றி, அடைய முடியாமல் ஏங்குபவனின் நெஞ்சிலா? அறிஞர் பெருமக்கள் இதனை விளக்கத் தண்ணீரையும் வைரத்தையும் காலணியையும் எடுத்துக்காட்டாகக் கூறி வந்திருக்கின்றனர். நேயர்களுக்கு நாம் சற்றே விந்தையான வேறோர் எடுத்துக்காட்டைத் தர விரும்புகிறோம். அமெரிக்காவின் சிக்காகோ நகரத் தெருக்களில் பிறந்தது அது. ப்ளூஸ் இசையை மௌத் ஆர்கனில் வாசிக்கும் ஒருவன் தனக்கேற்ற ஆம்ப்ளிஃபயரை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறான், அதற்கு என்ன மதிப்பிடுகிறான் என்பதே செய்தி. இசையைப் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அந்த வழக்கை இங்கே நாம் தொடவில்லை. நம் வழக்கு மதிப்பைப் பற்றியது.

மௌத் ஆர்கன் ஜெர்மனியிலிருந்து வந்தது. டிராசிங்கன் என்னும் சிற்றூரில் 1857-இல் மத்தியாஸ் ஹோனர் தொடங்கிய தொழிற்கூடம் அதனை உலகெங்கும் பரப்பியது. அந்நிறுவனம் 1896-இல் வெளியிட்ட ‘மரைன் பேண்ட்’ என்னும் வகை பத்துத் துளைகளே உடையது. சட்டைப் பையில் அடங்குவது. ஜெர்மானிய நாட்டுப்பாடல்களுக்கென அளந்து செய்யப்பட்ட அக்கருவி, அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்களின் கைக்குப் போயிற்று. மூச்சை உள்ளே இழுக்கும்போது நாவையும் தொண்டையையும் ஒருவகையாக அமைத்தால் சுரம் வளைந்து தாழ்கிறது என்பதை அவர்கள் கண்டார்கள். செய்தவன் வைக்காத சுரங்கள் அதிலிருந்து வெளிவந்தன. பெறுமானத்தைப் பற்றிய முதற்பாடம் இங்கேயே இருக்கிறது. ஆயினும் அதற்குள் அவசரப்பட வேண்டாம்.

வயலில் வாழ்வு கசந்து, இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். மிசிசிப்பியிலிருந்து சென்றோர் பலருக்குச் சிக்காகோவே புகலிடமாயிற்று. அங்கு மேக்ஸ்வெல் தெருவில் ஞாயிறுதோறும் பெருஞ்சந்தை கூடும். பழந்துணி, பழைய இரும்பு, காய்கறி என்று கூவி விற்கும் இரைச்சலுக்கு நடுவே இசைக்கலைஞர்கள் அருகிலுள்ள வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ மின்கம்பியை இழுத்து வந்து வாசிப்பார்கள். அவ்விரைச்சலில் தனி மௌத் ஆர்கன் எவர் காதில் விழும்? ஆகவே கிடைத்த மைக்கையும் கிடைத்த பெட்டியையும் கொண்டு ஒலியைப் பெருக்கினார்கள். அஸ்டாட்டிக் ஜே.டி.30 என்னும் மைக், ஷூர் நிறுவனத்தின் பச்சை நிறத் தோட்டா வடிவ மைக் ஆகியவை அறிவிப்புகளைப் பேசுவதற்கென்று செய்யப்பட்டவை. பேச்சு விளங்கினால் போதும் என்று செய்யப்பட்டவற்றை இசைக்குத் திருப்பியது வறுமை.

லூசியானாவின் மார்க்ஸ்வில் ஊரில் 1930-இல் பிறந்த மரியன் வால்ட்டர் ஜேக்கப்ஸ், உலகம் ‘லிட்டில் வால்ட்டர்’ என்று அறிந்தவர், இம்முறையைக் கலையாக உயர்த்தினார். கருவியையும் மைக்கையும் ஒன்றாகக் கைக்குள் பொதிந்து, காற்று வெளியேறாதபடி அடைத்து ஊதினார். 1952 மே மாதத்தில் அவர் பதிவுசெய்த ‘ஜூக்’ என்னும் இசைத்தட்டு, கறுப்பின மக்களின் இசைக்கான விற்பனைப் பட்டியலில் எட்டு வாரங்கள் முதலிடத்தில் நின்றது. கேட்டவர்கள் அதனை மௌத் ஆர்கன் என்று எண்ணவும் தயங்கியிருப்பர். சாக்ஸஃபோனின் கனமும் மனிதக் குரலின் கரகரப்பும் அதில் கலந்திருந்தன.

அந்தக் கரகரப்பு எங்கிருந்து வந்தது? நேர்மையாகச் சொன்னால், ஒரு குறைபாட்டிலிருந்து வந்தது. வால்வு ரேடியோவை நம் வீடுகளில் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வால்வு ஓரளவு மின்அலையையே சிதைவின்றிப் பெருக்கும். அதற்கு மேல் திணித்தால் அலையின் முகடுகள் வெட்டுப்பட்டு, மூல ஒலியில் இல்லாத புதிய ஒலிகள் தோன்றுகின்றன. எஞ்சினியரின் கணக்கில் இது பிழை. தவிர்ப்பதற்கு அவன் பாடுபடுகிறான். ப்ளூஸ் வாசிப்பவனோ அந்தப் பிழையையே விலைகொடுத்துத் தேடுகிறான். மேலும், பழைய பெட்டிகளில் மாற்றுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்குவதற்கும் ஒரு வால்வே உண்டு. வலுவாக ஊதும்போது அது சற்றே தளர்ந்து, மின்னழுத்தம் இறங்கி, பின் மீளும். பெட்டியே உடன்சேர்ந்து மூச்சு வாங்குவது போலிருக்கும் என்பர்.

ஆனால் வேறொரு பிழை உண்டு. அதனை எவரும் விரும்புவதில்லை. கலியாண வீட்டில் மைக் திடீரென்று ஊளையிடுவதை அறியாதார் யார்? ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் மீண்டும் புகுந்து, சுற்றிச் சுற்றிப் பெருகுவதால் எழும் கூச்சல் அது. கிதார் வாசிப்பவனுக்கு இத்தொல்லை குறைவு. மைக்கைக் கையில் பிடித்து நிற்பவனுக்கோ இதுவே தலையாய பகை. எனவே அவன் தேர்வின் முதல் விதி இதுதான்: கரகரப்பு முன்னே வரவேண்டும், ஊளை பின்னே வரவேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளி எவ்வளவு அகலமோ, அவ்வளவுக்கு அந்தப் பெட்டி அவனுக்கு உகந்தது. கிதாருக்கென்று கூர்மையான உச்ச ஒலி தருமாறு செய்த பல பெட்டிகள், எவ்வளவு விலையுயர்ந்தவையாயினும், இங்கே தோற்றுப் போகின்றன. முதற்கட்ட வால்வைக் கழற்றி அதே இடத்தில் பெருக்கம் குறைந்த ஒன்றைச் செருகுவது வழக்கமான மருத்துவம். 12ஏஎக்ஸ்7 என்னும் வால்வின் பெருக்கம் 100. 12ஏஒய்7-க்கு ஏறத்தாழ 45. 12ஏயூ7-க்கு 20 அளவே. செலவு சிறிது, பயன் பெரிது. ஆகவே கடைக்குச் செல்பவன் தன் மைக்கையும் தன் மௌத் ஆர்கனையும் உடன்கொண்டு செல்வான். வால்வுகள் சூடேறும் வரை பொறுத்திருந்து, ஒலியைச் சிறிது சிறிதாக ஏற்றி, எங்கே ஊளை தொடங்குகிறது என்று பார்ப்பான். தாழ்ந்த சுரத்தைத் தனியே ஊதியும், இரண்டு மூன்று துளைகளைச் சேர்த்து ஊதியும், ஒலி குழம்புகிறதா, திரள்கிறதா என்று கேட்பான். வீட்டளவில் வாசிக்க ஐந்து வாட் சக்தியும் எட்டு அங்குல ஸ்பீக்கரும் உள்ள ‘ஃபெண்டர் சாம்ப்’ போன்ற சிறு பெட்டி போதும். முரசு முழங்கும் மேடைக்கு அது எட்டாது.

மேடைக்கென்று பலரும் போற்றுவது அதே ஃபெண்டர் நிறுவனத்தின் ‘பாஸ்மேன்’. சிறப்பாக 1950-களின் இறுதியில் வெளிவந்த 5எஃப்6-ஏ என்னும் அமைப்பு. நான்கு பத்தங்குல ஸ்பீக்கர்களும் நாற்பது வாட்டுக்கு மேற்பட்ட சக்தியும் உடையது. முதற்கட்டத்தில் மேற்சொன்ன 12ஏஒய்7 வால்வே அதில் இயல்பாக அமைந்திருந்தது. பெயரே சொல்வதுபோல, தாழ்சுர கிதாருக்கென்று செய்யப்பட்டது அது. செய்வித்த லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் ரேடியோ பழுது பார்த்தவர். கிதார் வாசிக்கவே அறியாதவர். எவருக்காகச் செய்தாரோ அவர்களைவிட, அவர் நினைத்தும் பாராதவர்களே அதனைக் கொண்டாடுகின்றனர். லண்டனில் ஜிம் மார்ஷல் 1962-இல் தம் முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்தபோது முன்மாதிரியாகக் கொண்டதும் இதனையே.

இனி விலைக்கு வருவோம். நல்ல நிலையிலுள்ள 1959-ஆம் ஆண்டுப் பாஸ்மேன் இன்று பல ஆயிரம் டாலருக்கு விலைபோகிறது. மௌத் ஆர்கன் வாசிப்போர் மட்டுமே அதனை நாடியிருந்தால் விலை இவ்வளவுக்கு ஏறியிராது. கிதார்க்காரரும் சேகரிப்போரும் சேர்ந்து ஏற்றிய விலை இது. மௌத் ஆர்கன்காரன் பிறருடைய ஆசைக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறான். பழைய பெட்டியில் மின்னைத் தேக்கிவைக்கும் கண்டென்சர்கள் சில பத்தாண்டுகளில் வறண்டு போகும். அவற்றை மாற்றினால் பெட்டி உயிர்பெறும். அதாவது வாசிப்பவனுக்கு அதன் பெறுமானம் உயரும். சேகரிப்பவனோ, ‘மூலப்பொருள் போயிற்றே’ என்று விலையைக் குறைப்பான். ஒரே பழுதுபார்ப்பு ஒருவனுக்கு ஏற்றமாகவும் மற்றவனுக்கு இறக்கமாகவும் அமைவதை எண்ணிப் பாருங்கள். அப்பெட்டிகளின் மின்கம்பியில் இரு முனைகளே உண்டு. நில இணைப்பு இல்லை. உள்ளே ஒரு கண்டென்சர் பழுதானால் பெட்டியின் உலோகத்திலும், அதனோடு இணைந்த மைக்கிலும் மின்சாரம் பாயக்கூடும். அந்த மைக்கோ வாசிப்பவனின் உதட்டருகே இருக்கிறது. மூன்று முனைக் கம்பியாக மாற்றச் சில நாழிகைக்கு மேல் ஆகாது. ஆயினும் விலை குறையுமென்று அஞ்சி மாற்றாமலே வைத்திருப்போர் உண்டு. காட்சிக்கு வைப்பவர் எப்படியும் வைத்துக்கொள்ளட்டும். வாசிக்க வாங்குபவனிடம் அதைச் சொல்லாமல் விற்பதை வெறும் வணிகச் சாதுரியம் என்று நம்மால் ஒப்புக்கொள்ள இயலாது.

துனிஸ் நகரில் பிறந்த பேரறிஞர் இப்னு கல்தூன், 1377-இல் எழுதிய ‘முகத்திமா’வில், மனிதன் ஈட்டுவதெல்லாம் அவனது உழைப்பின் மதிப்பே என்று வாதிட்டார். அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால் சங்கடமே மிஞ்சுகிறது. அக்காலத்து ஃபெண்டர் பெட்டிகளைத் திறந்தால், கம்பிகளைப் பற்றவைத்த தொழிலாளியின் முதற்பெயர் எழுதிய ஒட்டுநாடாத் துண்டு பலவற்றில் காணப்படும். பெரும்பாலும் பெண்களின் பெயர்கள். இன்றைய விலையில் ஒரு காசும் அவர்களைச் சேர்ந்ததில்லை. இந்த ஒலிக்கே மதிப்பை உண்டாக்கிய லிட்டில் வால்ட்டர் 1968-இல் முப்பத்தேழு வயதில் இறந்தார். அவரது கல்லறைக்கு 1991 வரை பெயர்க்கல்கூட இல்லை. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஃபெண்டர் நிறுவனம் 1959-ஆம் ஆண்டுப் பாஸ்மேனை மறுபதிப்பாக வெளியிட்டது. ஆகவே, உழைப்பு மதிப்பை உண்டாக்குகிறது என்பதை ஏற்றாலும், உண்டான மதிப்பு உழைத்தவனிடம் போய்ச் சேருகிறது என்பதை ஏற்க இயலவில்லை.

‘எல்லாம் கையில்தான் இருக்கிறது, பெட்டியில் ஒன்றுமில்லை’ என்று சிலர் அறுதியிட்டுச் சொல்வர். கேட்க இனிமையான பேச்சு, பாதிதான் உண்மை. பாதி ஒலியிலேயே ஊளையிடும் பெட்டியை எந்த மேதையின் கையும் திருத்தாது. தவிரவும், வாசிப்பவன் தான் கேட்கும் ஒலிக்கு ஏற்பவே அடுத்த மூச்சை அமைக்கிறான். நல்ல பெட்டி அவன் கைக்கும் ஆசானாகிறது. எனவே குறையென்றும் நிறையென்றும் பொருளில் நாம் காண்பவை நோக்கத்தைப் பொறுத்தவை. ஆயினும் நம் மனம்போன போக்கில் அமைபவை அல்ல. நோக்கத்தைத் தீர்மானித்த பின் பொருளின் பதில் உறுதியானது.

நாம் விடை காணவேண்டிய வழக்கு இன்னும் ஒன்று எஞ்சியிருக்கிறது. கணவர் விட்டுச்சென்ற பழைய பெட்டி ஒன்றை, மதிப்பறியாத மூதாட்டி ஒருவர் ஐம்பது டாலருக்குத் தர முன்வருகிறார் என்று கொள்வோம். வாங்கப் போனவன் பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொள்கிறான், அது 1959-ஆம் ஆண்டுப் பாஸ்மேன் என்று. அவன் வாய்திறக்க வேண்டுமா? ‘என் அறிவு என் முதல், அவர் கேட்ட விலையைக் கொடுத்தேன்’ என்பது அவன் வாதமாக இருக்கும். சட்டமும் பெரும்பாலும் அவன் பக்கமே நிற்கும். ஆனால், சந்தை விலையறியாமல் சரக்கோடு வரும் கூட்டத்தாரை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பதும், அவ்வாறு விற்றுவிட்டவர் சந்தையை அடைந்தபின் விற்பனையை முறித்துக்கொள்ள உரிமை பெற்றார் என்பதும் நாம் அறிந்தவையே. வந்தவர் தம் சரக்கை விரும்பித்தான் விற்றார். ஏமாற்று வார்த்தை எதுவும் சொல்லப்படவும் இல்லை. எனினும் தடை வந்தது. மூதாட்டியின் வீட்டு வாசலும் அந்த ஊரெல்லையும் ஒன்றே என்பது நம் கருத்து. வாங்குபவன் முதலில் அந்தப் பெட்டி இன்னதென்று சொல்லட்டும். கண்டென்சரும் மின்கம்பியும் மாற்ற ஆகும் செலவையும் சேர்த்தே சொல்லட்டும். அதன்பின் மூதாட்டி தம் விலையைக் கூறட்டும். அது ஐம்பது டாலராகவே இருந்தாலும் அவன் தயங்காமல் எடுத்துச் செல்லலாம்.