தண்டியடிகள் பற்றிய கயிறு

சிவமயம்

சைவாசிரியர்களாகிய அன்பர்களே!

திருத்தொண்டர் அறுபத்துமூவருள் ஒருவராகிய தண்டியடிகள் நாயனாரது சரிதத்தை நீங்கள் வகுப்பிலே பலமுறை கற்பித்திருப்பீர்கள். பிறவியிலே கண்ணொளியில்லாத அப்பெரியார், திருவாரூர்த் திருக்குளம் தூர்ந்து குறுகியமை அறிந்து, அதனைத் தோண்டத் துணிந்தனர். குளத்தினுள்ளே ஒரு தறி நட்டனர். கரையிலே ஒரு தறி நட்டனர். இரண்டினையும் இணைத்து ஒரு கயிறு கட்டினர். அக்கயிற்றைத் தடவிச் சென்று, மண்ணை வெட்டிக் கூடையிலே சுமந்து கரையேற்றினர். முடிவிலே இறைவனருளால் அவர் கண் பெற்றமையையே நாம் வியந்து பேசுகின்றோம். ஆயின், கண் பெறுதற்கு முன்னரே அவர் தொண்டு நடந்தது; அதற்குத் துணையாய் நின்றது அக்கயிறு. இதனை இன்று சிந்திப்போமாக.

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உள்ள நம் பாடசாலைகளிலே, வாய்ப்பாடமாகக் கேட்டதைச் செவ்வனே ஒப்பிக்கும் பிள்ளை ஏட்டைக் கண்டவுடன் திகைத்து நிற்றலைக் காண்கின்றோம். அப்பிள்ளை லகர ளகர ழகரங்களை மயங்கி எழுதும். நேற்று வாசித்த சொல்லை இன்று அறியாததுபோல நோக்கும். வேறொரு பிள்ளை ஓரிடத்தில் இருக்கமாட்டாது. மற்றொன்று எவரோடும் பேசாது. இவர்களை "மந்தன்" என்றும் "மக்கு" என்றும் அழைத்துக் கடைசி வாங்கிலே இருத்துதல் எளிது.

1896ஆம் ஆண்டிலே பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில வைத்தியர், பதினான்கு வயதினனாகியும் வாசிக்கமாட்டாத சிறுவன் ஒருவனைக் குறித்து எழுதினர். பாடம் முழுவதும் வாய்மொழியாக இருப்பின் இவனே பள்ளியில் முதல்வனாவான் என்று அவனுடைய ஆசிரியர் கூறியதாக அவ்வைத்தியர் குறித்துள்ளார். குறை அறிவிலன்று, எழுத்தைப் பற்றும் வழியிலே என்று அன்றே ஓர் ஆசிரியர் கண்டார். அக்கண் நமக்கும் வேண்டும்.

நம் சித்தாந்தமும் இதனையே உணர்த்துகின்றது. எல்லா உயிரையும் ஆணவமலம் மறைத்து நிற்றலின், இறைவன் திருமுன்னர் நாம் அனைவரும் மெல்லக் கற்கும் மாணாக்கரே. அவன் ஒரு படியை மாத்திரம் வைத்து ஏறாதாரைத் தள்ளிவிடவில்லை. சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு படிகளை வைத்தான். சத்திநிபாதத்தையும் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நான்காக வகுத்தனர் ஆன்றோர். மந்தமும் அருள் பதியும் ஒரு நிலையேயாகும். அச்சொல்லை நாம் வசைமொழியாக்குதல் தகுமோ?

"முன்வினைப் பயன், நாம் என் செய்வோம்?" என்பாரும் உளர். வினை உண்டென்பது சைவத்தின் துணிபு. ஆயின் அஃது ஒருவன் தன்னை நோக்கித் திருந்துதற்குரிய உணர்ச்சியேயன்றிப் பிறரை நோக்கிக் கைகட்டி நிற்றற்குரிய சாக்கன்று. பசித்தவனுக்குச் சோறிடுங்கால் அவன் வினையை நாம் வினவுவதில்லை. பெற்ற தாயின் நெஞ்சிலே அச்சொல்லை எறிதல் பாவமாம்.

இனி, இப்பிள்ளைகளின் வீட்டை நோக்குவோம். தந்தை வாவியிலே வலை வீசுபவர். தாய் வயலிலே களை பிடுங்குபவள், அன்றி அராபிய நாட்டு வீடுகளிலே ஊழியஞ் செய்பவள். பிள்ளையை வளர்ப்பவர் அம்மம்மா. 1945ஆம் ஆண்டு முதல் கல்வி இலவசமாயிற்று. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காரணமாகக் காட்டிக் கல்விநிலையத்திற் சேர்க்க மறுத்தலை விலக்கியது. 2014ஆம் ஆண்டிலே மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டது. எனினும், பிள்ளையைப் பட்டினத்து வைத்தியசாலைக்கு ஒருநாள் அழைத்துச் செல்பவர் அன்றைய கூலியை இழக்கின்றார். பஸ் கூலி வேறு. இரண்டு முறை சென்றவர் மூன்றாம் முறை செல்லார். பிள்ளை மாடு மேய்க்கச் செல்லும். சட்டமும் பாலமும் இருந்தும் கயிறு இல்லை.

காரைதீவிலே 1892ஆம் ஆண்டிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், கல்லடி உப்போடையிலே 1929ஆம் ஆண்டிற் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடக்கினார். அவர் சார்ந்த இராமகிருஷ்ண சங்கத்தார் எளிய பிள்ளைகளை இல்லத்தில் வைத்து, உண்டியும் உடையும் அளித்துக் கல்வி புகட்டினர். வயிறு வேறு, கல்வி வேறு என அவர்கள் கருதவில்லை.

ஆதலின் நாம் செய்யத்தக்கன சில கூறுவோம். முதலாவது, எழுத்துக் கூடாத பிள்ளைக்குப் பெயர் சூட்டுமுன், அதன் கண்ணையும் செவியையும் வைத்தியர் சோதிக்கச் செய்க. இரண்டாவது, மணலிலே விரலால் எழுதுவித்தும், பண்ணோடு பாடுவித்தும், வாய்மொழியாக வினாவியும் கற்பிக்க. மூன்றாவது, அயற்பாடசாலைகளில் விசேட கல்வி அலகு எங்குளதென அறிந்து பெற்றோருக்குச் சொல்லுக. பிரதேச செயலகத்தில் உதவிப்பணம் வேண்டும் விண்ணப்பத்தை அவர்களுக்கு எழுதிக் கொடுக்க. நான்காவது, உங்கள் ஊர்க் கோயில் வண்ணக்கரைக் கண்டு, திருவிழாவுக்குச் சேரும் பணத்தில் ஒரு சிறு பகுதியை இக்குடும்பங்களின் வழிச்செலவுக்கும் இழந்த கூலிக்கும் ஒதுக்குமாறு கேட்க. நம் அன்னையர் அறிந்த பிடியரிசியும் இதற்கு உதவும். கொடுப்பதை மேடையிலே படம் பிடித்துக் கொடாதொழிக. அது தருமமன்று, விற்பனையாம்.

தண்டியடிகளை இகழ்ந்தோர் முடிவிலே அவர் கயிற்றையும் தறியையும் பறித்தனர் என்பது சரிதம். கடைசி வாங்கிலே பிள்ளையை இருத்தும்போது நாமும் அதனையே செய்கின்றோம். வீடு ஒரு தறி. பாடசாலை ஒரு தறி. இடையே கயிறு கட்டுதல் நம் கடன். கொக்கட்டிச்சோலையிலே தேர்வடம் பற்றும் கைகள் இச்சிறு கயிற்றையும் பற்றுமாக. பிள்ளை தேறும் நாளைத் திருவருள் அறியும். அதுவரை அதன் கை வெறுங்கையாய் இருத்தலாகாது.

திருச்சிற்றம்பலம்.