காளியின் கைகளைத் தாங்கும் தோள்

குலசேகரன்பட்டினம் தசராவில் குறவன், குரங்கு, போலீஸ்காரர், ராஜா என்று எத்தனையோ வேடங்கள். காளி கட்டுபவர் பாடு மட்டும் தனி. தலையில் சடையும் கிரீடமும். முதுகுப்புறம் கட்டிய கூடுதல் கைகள். அந்தக் கோலத்தோடு தசரா குழுவில் ஊர் ஊராக மேளத்துக்கு ஆடிக் காணிக்கை பிரித்து, முத்தாரம்மன் கோயில் உண்டியலில் சேர்க்க வேண்டும். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிசாசுர சம்ஹாரம் முடியும்வரை தோளுக்கு ஓய்வு குறைவுதான்.

வலிக்காதா என்று கேட்டால், அம்மா பாத்துக்கிடுவா என்பார்கள். சரி, அப்படியென்றால் தோளுக்குப் பயிற்சி கொடுத்து வலியைக் குறைத்துக்கொள்பவரின் நேர்த்திக்கடன் குறைந்துவிடுமா? வலியும் காணிக்கையில் சேர்த்தியா?

முதலில் தோளைப் பார்க்கலாம். அகல் விளக்கின் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்ததுபோன்ற மூட்டு அது. கிண்ணம் ஆழமற்றது, மேல்கை எலும்பின் உருண்டைத் தலையில் சிறு பகுதிதான் ஒரு நேரத்தில் அதைத் தொடும். கை எல்லாப் பக்கமும் சுழல்வது இதனால்தான். எளிதில் நழுவுவதும் இதனால்தான். மூட்டைச் சுற்றிய நான்கு சிறு தசைகள் உருண்டையைக் கிண்ணத்தோடு அழுத்திப் பிடிக்கின்றன. தோள்பட்டை எலும்பையோ, விலாவிலும் முதுகிலும் உள்ள வேறு தசைகள் நிலைநிறுத்துகின்றன. முதுகு கூன்விழுந்தால் அந்த எலும்பு முன்னால் சரியும்; கையை உயர்த்தும்போது உள்ளே இடம் நெருக்கும்.

பிலாட்டிஸ் என்ற உடற்பயிற்சி முறை கை வைப்பது இந்த இடத்தில். 1883இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ் முதல் உலகப் போரில் பிரிட்டிஷாரின் முகாமில் அடைபட்டுக் கிடந்தவர். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் ‘கண்ட்ராலஜி’: மனம் தசையை ஆள்வது. மூச்சையும் வயிற்றையும் நடுவுடலையும் கட்டுக்குள் வைத்துக்கொண்டு கையை மெதுவாக அசைக்கச் சொல்கிறது அது. 2010இல் கனடா ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், 12 வாரப் பயிற்சிக்குப்பின் முதுகுக் கூனல் குறைந்தது. கையை உயர்த்தும்போது தோள்பட்டையின் வீண் அசைவும் குறைந்தது. சிறிய ஆய்வுதான், அதை வைத்து அற்புதம் பேச வேண்டாம்.

மனம் உடலை ஆள வேண்டும் என்பவர் பிலாட்டிஸ். அருள் வந்து ஆடுபவரோ மனத்தையே அம்மனிடம் ஒப்படைத்துவிடுகிறார். இரண்டும் எதிரெதிர் என்று தோன்றலாம். ஆனால் அருள் வருவதற்கு முன்னால் என்ன நடக்கிறது? மாலை போட்டு, 41 நாளோ 48 நாளோ விரதம் இருந்து, ஒருவேளைச் சோற்றோடு நிறுத்தி, உடம்பைப் பழக்குகிறார்கள். பழக்காத உடம்பை யாரும் அம்மனிடம் கொண்டுபோவதில்லை. பசியை அடக்கப் பழகுவது பக்தி என்றால் தோளைப் பழக்குவது மட்டும் எப்படிக் கலப்படமாகும்? உடம்பைப் பேணுவதை வழிபாட்டுக்கு விரோதமாகத் திருமூலரும் நினைக்கவில்லை. அம்மனுக்கு நேர்ந்துகொண்டது வேடமும் காணிக்கையும். கிழிந்த தசைநார் அந்தக் கணக்கில் இல்லை.

ஆனால் ஒன்று: கொடியேறிக் காப்புக் கட்டியபின் தொடங்கும் பயிற்சி அந்த வருடத்துக்கு உதவாது. 12 வாரம் என்பது 84 நாள்; 48 நாள் விரதக்காரர் மாலை போடுவதற்கு 36 நாள் முன்பே தொடங்கியாக வேண்டும். ஏற்கெனவே தோள் வலி உள்ளவர் அதற்கும் முன்னால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிடுவது நல்லது.