நஞ்சும் எலியும் நம் கடனும்

பயிர்ப்பூச்சிகளைக் கொல்லத் தெளிக்கப்படும் ஆர்கனோபாஸ்பேட் நஞ்சு உடம்பிற் புகுந்தால் இரத்த அழுத்தம் என்னவாகும் என்பதை அறிய, ஆய்வுக்கூடங்களில் எலி, பூனை, நாய் முதலிய உயிர்கள் பலியாகின்றன. உயிர்க்கொலை தவிர்த்தலை முதற்சீலமாக ஏற்றுள்ள நாம் இதனை எங்ஙனம் கருதுவது?

நரம்பு முனைகளிற் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்னும் பொருளை உடனுக்குடன் சிதைப்பது ஒரு நொதி. இந்நஞ்சு அந்நொதியை முடக்க, அப்பொருள் தேங்குகிறது. இதயத்தில் அது மிகுந்தால் துடிப்பு தளர்ந்து அழுத்தம் தாழும். நரம்புக்கணுக்களிலும் அட்ரீனல் சுரப்பியிலும் மிகுந்தால் அழுத்தம் உயரும். எலிகளிலோ, நஞ்சு மூளையில் வினைபுரிந்து அழுத்தத்தை ஏற்றுவதும், அதனை அட்ரோபின் தணிப்பதும் காணப்பட்டுள்ளன. ஆகவே ஓருயிரிற் கண்டதை மற்றோருயிர்க்கு அப்படியே பொருத்திவிடல் இயலாது.

எனினும், அவ்வறிவு வீண் என்று தள்ளவும் நம்மால் முடியவில்லை. 1958-இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில், மோனோகுரோட்டபாஸ் கலந்த பள்ளி உணவை உண்டு 23 குழந்தைகள் இறந்தனர். இத்தகையோரைக் காக்க மருத்துவர் முதலில் நாடுவது அட்ரோபினையே. அதன் பயனை விளக்கிய அறிவில் ஊமை உயிர்களின் துன்பமும் கலந்துள்ளது.

வினையை அளப்பது எண்ணமே என்பது தம்மம். ஆயினும் நல்லெண்ணம் என்ற பெயர் மட்டும் போதாது. தேவை உண்டா, வேறு வழி இல்லையா, வலி தணிக்கப்பட்டதா என்று ஒவ்வொரு முறையும் வினவாத எண்ணம் நல்லெண்ணமன்று. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் இவற்றையே கேட்கிறது. கைத்திறன் பழகுவதற்காக மட்டும் உயிர்களை அறுத்தலைத் தவிர்க்கச் சொல்கிறது. முன்னரே தெளிந்த விடையை மீண்டும் காண ஓருயிரை வதைத்தல் ஆராய்ச்சியன்று, வதையேயாகும்.

ஆய்வாளரை மட்டும் வினவிவிட்டு நாம் ஒதுங்குதல் முறையோ? நஞ்சு வாணிகம் இல்லறத்தார்க்கு விலக்கப்பட்ட ஐந்தனுள் ஒன்று. நடு அந்தமானின் ரங்கத்தில் நெல்லும் காய்கறியும் விளைப்போர் கையிலும் மருந்துப்புட்டி இருக்கலாம். அதனை உணவுப்பண்டங்களுக்கு அருகில் வையாமை, காலிப்புட்டியில் எண்ணெய் ஊற்றாமை, வெறுங்கையால் கலவாமை, தெளித்தபின் குளித்து உடைமாற்றல், தேவையின்றித் தெளியாமை ஆகிய இவை எளிய செயல்களே. இவற்றைப் பேணாத இல்லத்தில், அவ்வுயிர்கள் தந்த அறிவு பயனற்றுப் போகிறது.

மாண்ட எலிக்கு நாம் திருப்பித் தரக்கூடியது ஒன்றுமில்லை. அதன் துன்பத்தால் விளைந்த அறிவைக் கொண்டு மற்றோருயிரைக் காத்தலே நாம் தீர்க்கத்தக்க கடனாகும்.