மகளுக்கு ஒரு நியாயம், ஊராருக்கு ஒரு நியாயமா?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தன் 17-ஆவது பிரிவில் ஒரு குதிரையை நிறுத்தி வைத்திருக்கிறது. குதிரைக்குக் கோளாறு என்று தெரிந்தும், உரிமையாளர் ஏலத்தில் வாய் திறக்காமல் விற்றுவிடுகிறார். மோசடி இல்லை என்கிறது சட்டம். அடுத்த எடுத்துக்காட்டில் அதே குதிரையை வாங்குபவள் அவருடைய மகள், இப்போதுதான் மேஜரானவள். அவளிடம் சொல்லியே ஆக வேண்டுமாம்!

கோளாறு என்று ஒருவர் திருப்பிக் கொடுத்த காரைச் சரிசெய்து இன்னொருவர் தலையில் கட்டும்போது இந்தக் குதிரைதான் நினைவுக்கு வருகிறது. அந்தமானில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) எந்தக் காரும் கப்பலேறித்தான் வர வேண்டும். சென்னைக்கும் அதற்கும் நடுவே சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். மெயின்லேண்டில் ஓடிய பழைய கார் தடையில்லாச் சான்றோடு (என்.ஓ.சி.) வந்து அந்தமானின் ஏ.என். பதிவு எண்ணை மாட்டிக்கொள்கிறது. அதன் பழைய ஊர் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை விசாரிக்கலாம் என்றால், நடுவில் மூன்று நாள் கப்பல் பயணம். அந்தக் காரை இங்கே வாங்குபவரைவிட விற்பவருக்கு அந்நியர் யார்?

வாய் திறப்பதா வேண்டாமா என்ற இந்தச் சண்டை மிகப் பழையது. ஒரு வீடு, படுக்கையறைகளில் பாம்பு வருகிறது, மரங்கள் இற்றுப்போயின. விற்பவருக்கு மட்டுமே தெரியும். சொல்ல வேண்டுமா? ஸ்டோயிக் தத்துவவாதி டயோஜெனிஸ், பொய் சொல்லாதவரை குற்றமில்லை என்றார். தன் சரக்கைத் தானே பழிக்கும் வியாபாரி உண்டா என்பது அவர் கேள்வி. அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் ஒப்பவில்லை. இருவரின் வாதத்தையும் கி.மு. 44-இல் எழுதிவைத்த ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ, மாணவர் பக்கம் சாய்ந்தார். மற்றவர் அறியாமல் இருப்பதில் நமக்கு லாபம் என்பதற்காகவே வாயை மூடிக்கொண்டால், அது மறைப்புதான் என்றார்.

நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் வணிகரிடம் கேட்பதும், பிறர் பொருளைத் தன் பொருளாகப் பேணச் சொல்வதுதான். வாங்குபவர் மகளா, மூன்றாம் மனிதரா என்று அவர் விசாரிக்கவில்லை.

“இப்போது சரியாகிவிட்டதே, பழங்கதை எதற்கு?” என்று விற்பவர் கேட்கலாம். நல்ல கேள்வி. பழுது நீங்கிய காருக்கு ஆயுள் முழுக்கக் கெட்ட பெயர் சூட்டுவதும் அநியாயம்தானே? இதற்கு ஒரு பழைய பதில் உண்டு. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபிகள் நாயகத்தின் விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சி ‘ஸஹீஹ் முஸ்லிம்’ என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. மழை என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்றார் நபி. நனைந்தது அங்கே குற்றமாகவில்லை, அடியில் தள்ளியதுதான் குற்றமாயிற்று. கலிஃபோர்னியாவின் சட்டம் ஏறக்குறைய இதையே செய்கிறது: கம்பெனி திரும்ப வாங்கிய காரின் கதவுச் சட்டத்தில் ஸ்டிக்கர், என்ன கோளாறு என்று எழுத்தில், அந்தக் கோளாறுக்கு ஓராண்டு வாரண்டி. கார் விலைபோகத் தடையில்லை. வாங்குபவர் கண்ணைத் திறந்துகொண்டு வாங்குகிறார்.

நம் நாட்டில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த கோவா வழக்கு இதற்குப் பக்கத்தில் வருகிறது. 2011-இல் புதுக் கார் என்று பணம் கட்டியவருக்குக் கிடைத்தது, 2009 தயாரிப்பு. 622 கிலோமீட்டர் ஏற்கெனவே ஓடியது. காரைத் தயாரித்த டாடா மோட்டார்ஸுக்கு இது தெரியும் என்பதற்குச் சான்றில்லை என்று நீதிமன்றம் அதை விடுவித்தது, டீலர் மாட்டிக்கொண்டார். உறவைத் தேடும் 1872-இன் சட்டத்தைவிட, தெரிந்தவர் யார் என்று தேடும் இந்தப் பார்வையே சரி. சொல்லும் கடமை தெரிந்தவர் தலையில்தான் விழ வேண்டும்.

2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும், கைக்கு வந்த வண்டியை எதற்காக, யார் ஓட்டினார்கள் என்று மின்னணுப் பதிவேடு வைக்க வேண்டும். அது ஓட்டத்தின் கணக்கு, கோளாறின் கணக்கு அல்ல. ஆர்.சி.யிலும், வண்டி மேல் எந்த வங்கிக்குக் கடன் பாக்கி என்று எழுத ஓர் இடம் உண்டு. முந்தையவர் ஏன் திருப்பிக் கொடுத்தார் என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை.