மருந்து தந்த ஒழுக்கம்

குடியை விட்ட ஒருவனைக் கண்டு, "இவனா விட்டான்? மாத்திரையன்றோ விடுவித்தது!" என ஏளனம் செய்வோர் நம்மிடை உளர். மனவுறுதியால் விடுவதே ஒழுக்கம், மருந்தால் விடுவது வெறும் தளை என்பது அன்னவர் வாதம். இதனைச் சிறிது ஆராய்வோம்.

டைசல்ஃபிராம் என்னும் மருந்தின் வரலாறு, பால்மரக்காட்டில் உழைத்த நம்மவர்க்கு வியப்பளிக்கும். ரப்பரைப் பதப்படுத்தும் கந்தகச் சேர்மங்களுள் அதுவும் ஒன்று. அவ்வினப் பொருள்களோடு உழைத்தோர்க்கு மது ஒவ்வாமற் போயிற்றென 1937-இல் அமெரிக்கத் தொழிற்சாலை வைத்தியர் ஒருவர் எழுதினார். பின்னர் டென்மார்க்கில் ஹால்டு, யாக்கப்சன் என்னும் இருவர் குடற்புழுவுக்கு மருந்து தேடுங்கால் இதனைத் தாமே உண்டு பார்த்தனர். சிறிது மது பருகியதும் நோயுற்றனர். 1948-இல் உலகு இதனை அறிந்தது. தோட்டந்தோறும் கள்ளுக்கடை வைத்திருந்த அதே ரப்பர்த் தொழிலிலிருந்து குடிக்கு மாற்றுக் கிடைத்தது விந்தையே!

இம்மருந்து ஆசையை அறுப்பதன்று. மது உடலிற் சிதையுங்கால் பிறக்கும் அசிட்டால்டிஹைடு என்னும் நஞ்சை மேலும் சிதையவொட்டாது தடுப்பது. நஞ்சு தேங்கவே முகம் சிவக்கும், தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி எடுக்கும். இவற்றையெல்லாம் அறிந்தே ஒருவன் காலையில் மாத்திரையை விழுங்குகிறான். மாலையில் தன் மனம் தளருமென்பது அவனுக்குத் தெரியும். தெளிந்த காலையில், தளரப்போகும் மாலையைக் கட்டி வைக்கிறான். மனவுறுதி என்பது இதுவன்றி வேறு யாது?

ஆயின், கணவன் அறியாமல் காப்பியிலும் குழம்பிலும் இதனைக் கலந்துவிடும் வழக்கமும் உண்டு. சம்பள நாளில் வெறுங்கையோடு வருபவனையும் பசித்த பிள்ளைகளையும் ஒருங்கே கண்ட பெண்ணை நாம் பழியோம். எனினும், உண்டதை அறியாதவன் அன்று மாலையும் குடிப்பான். இதய நோயுள்ளவனாயின் உயிருக்கே கேடு சூழும். மருந்தை நிறுத்திய பின்னும் 14 நாள்வரை அவ்விளைவு நேரக்கூடும். பிழைத்தாலும், தான் ஏன் நோயுற்றோம் என்றே அறியான். அவன் காலையிற் செய்திருக்க வேண்டிய முடிவை வேறொருவர் செய்துவிட்டபின் அவனிடம் ஒழுக்கத்தை எங்ஙனம் தேடுவது?

வைத்தியர் சோதித்த பின், அவனறிய, அவன் இசைவோடு, அதே மனைவி அதே காப்பியோடு மாத்திரையைக் கொடுக்கலாம். பிறர் பார்த்திருக்க உண்பவர்க்கே இது மிகுதியும் பயன்படுவதாக வைத்தியர் கண்டுள்ளனர். குடியின் இன்பத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் என்னும் வேறு மருந்தும் உண்டு. அதனையும் வைத்தியரிடம் கேட்கலாம்.

அவன் எதற்கும் இசையானாயின்? தன் சம்பளத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளவும், பிள்ளைகளோடு தாய்வீடு செல்லவும் அவளுக்கு உரிமையுண்டு. அவன் குவளையிற் கலக்கும் உரிமை மட்டும் இல்லை.