பாட்டுக்கு யார் விலை கொடுப்பது?

1962-இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் ஆலை வந்தபின் கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையம் ஷிப்ட் கணக்கில் விழித்து உறங்கும் ஊரானது. எண்பதுகளில் தொழிலாளர் வீடுகளுக்குள் டேப் ரிக்கார்டர் நுழைந்தது. பின்னாலேயே ரெக்கார்டிங் கடைகளும் வந்தன. பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதி, வெற்றுக் கேசட்டோடு கடையில் கொடுத்துவிட்டு வந்தால் பதிந்து வைத்திருப்பார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த வியாபாரம் குற்றம். அதைத் திருட்டென்று யாரும் நினைக்கவில்லை.

நினைக்காததற்குக் காரணமும் இருந்தது. ஒரு படத்தில் இரண்டு பாட்டுத்தான் பிடிக்கும். ஆனால் முழுக் கேசட்டையும் வாங்கியாக வேண்டும். பெரிய கம்பெனிகள் சொன்ன விலையைவிட வெகு குறைவாகக் கேசட் விற்க முடியும் என்பதை அதே எண்பதுகளில் டி-சீரிஸ் குல்ஷன் குமார் விற்றே காட்டினார். ஆகவே விலை அநியாயம் என்று கூலிக்காரர் முனகியதில் நியாயம் உண்டு என்றே நான் கருதுகிறேன். விலை அதிகமென்றால் வாங்காமல் இருக்கலாம், வானொலியில் கேட்கலாம். காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளும் உரிமை மட்டும் அதிலிருந்து பிறக்காது.

‘எப்படியும் அந்தக் காசு பாட்டு எழுதினவருக்கா போகப்போகிறது?’ என்று நம்மில் பலர் மனத்தைத் தேற்றிக்கொண்டோம். அதிலும் பாதி உண்மை இருந்தது. படத்துக்காகக் கூலி பெற்று எழுதிய வரிக்கும் போட்ட மெட்டுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேசட் எத்தனை விற்றாலும் கவிஞர்கள் பலருக்கு முதலில் வாங்கிய சம்பளத்தோடு சரி. ஆனால் முதலாளி ஏமாற்றியவரை நாமும் ஏமாற்றலாம் என்பது என்ன நீதி? 2012-இல் சட்டம் திருத்தப்பட்டது. திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போதெல்லாம் ராயல்டியில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு. ஒப்பந்தம் போட்டும் அதைப் பறிக்க முடியாது. இனித் திருட்டுப் பிரதி அவர்கள் பங்கிலேயே கைவைக்கிறது.

கேசட் போய், நூறு பாட்டு அடங்கிய எம்பி3 தட்டு வந்தது. பிறகு செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தார்கள். 2019-இல் ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலி இந்தியாவுக்கு வந்தபோது மாதச் சந்தா 119 ரூபாய். விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டால் அதுவும் வேண்டாம். ஒரு பிரியாணிக்குக் கொடுக்கும் காசில் ஒரு மாதம் முழுக்கக் கேட்கலாம். விலை கட்டுப்படியாகவில்லை என்ற நம் பழைய வாதம் அன்றே செத்துவிட்டது. கேசட் காலத்தில் கேட்பவருக்கு அநியாயமாக இருந்த விலை, இன்று பாட்டை உண்டாக்குபவருக்கு அநியாயமாகத் திரும்பியிருக்கிறது. ஒரு தடவை கேட்டால் அவர் கைக்குச் சேருவது சில காசுகள்கூட இல்லை.

திரைக்கு வெளியே பாடுபவர் நிலை இன்னும் மோசம். மேட்டுப்பாளையம் பக்கத்து வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்ததைக் கொங்கு நாடே கொண்டாடியது. அதே கும்மியை அரங்கேற்றத்தன்று செல்போனில் பிடித்து, அதைக் கற்றுக்கொடுத்த ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் சேனலில் ஏற்றி விளம்பரக் காசு பார்ப்பவர்களும் நம் ஊர்க்காரர்களே. நிகழ்த்துகிறவருக்குத் தன் நிகழ்ச்சிமீது உரிமை உண்டென்று 1994-ஆம் ஆண்டுத் திருத்தமே சொல்லிவிட்டது.

சந்தா கட்ட முடிந்தவர்கள் கட்டுங்கள். கோயில் நோம்பிக்குக் கும்மி வைத்தால் ஆசிரியர் கேட்கும் தொகையில் பேரம் பேசாதீர்கள். படம் பிடிக்குமுன் அவரிடம் கேளுங்கள். அதில் காசு வந்தால் அவர் பங்கை அவரிடம் கொடுங்கள்.